மின்வாரிய, குடிநீர்ப் பணியாளர் மீது கை வைத்தால் என்ன ஆகும்? சேலம், ஏற்காடு வட்டாரத்துக்கான கேள்வி பதில்

ஏப்ரல், மே மாதத்து இடிமழையில் சேர்வராயன் மலையில் ஒரு சில்வர் ஓக் கிளை முறிந்து கம்பி மேல் விழுந்தால் பல ஊர்கள் சேர்ந்தாற்போல் இருட்டாகிவிடும். அம்மாப்பேட்டையில் பட்டப்பகலில் கரண்ட் போனால் தறி நிற்கும், அன்றைய கூலி போகும். கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபம் கம்பத்தடியில் நிற்கிற ஆள் மேல் கையாக இறங்கினால் சட்டம் என்ன செய்யும்? கம்பம் ஏறுகிறவர்களும் வால்வு திறக்கிறவர்களும் ரீடிங் எடுக்கிறவர்களும் கேட்கிற கேள்விகளோடு, நுகர்வோர் கேட்கிறவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறோம்.

பணியில் இருக்கும் மின்வாரிய ஊழியரை அடித்தால் எத்தனை ஆண்டு?

அடியைப் பொறுத்து மூன்று படி உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, அரசு ஊழியரை வேலை செய்யவிடாமல் தடுக்கக் கை ஓங்கினாலோ பிடித்துத் தள்ளினாலோ 132-ஆம் பிரிவு வரும். 2 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வலியோ காயமோ ஏற்பட்டால் 121(1): 5 ஆண்டு வரை. கொடுங்காயம் என்றால் 121(2): குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு, கூடவே அபராதம்.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் காயத்துக்கான 332-ஆம் பிரிவின் உச்சவரம்பு 3 ஆண்டு. கொடுங்காயத்துக்கான 333-இல் கீழ்வரம்பே இல்லை. சட்டம் இறுகியிருப்பது இந்த இரண்டு இடத்தில். 2024 ஜூலைக்கு முன்பு நடந்த சம்பவங்களுக்குப் பழைய பிரிவுகளே பொருந்தும்.

அதே அடியைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தால் 115(2)-இன்படி 1 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மின்வாரியக் காக்கிச் சட்டைக்காரர் வாங்கிய அடிக்கு ஐந்து மடங்கு எடை என்பது பலருக்குக் காவல் நிலையத்தில் உட்கார்ந்த பிறகுதான் தெரியவருகிறது.

காயமே இல்லை, ஏணியை லேசாக ஆட்டினேன். இதுவும் குற்றமா?

குற்றம்தான். ஒருவரின் உடலை அவர் விருப்பமின்றி அசைய வைப்பதும் சட்டத்தின் பார்வையில் பலப்பிரயோகமே. கட்டி வைத்த படகில் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது கட்டை அவிழ்த்துப் படகை ஓட விடுவதைச் சட்டமே உதாரணமாகச் சொல்கிறது. ஏணியில் நிற்கிறவரின் ஏணியை ஆட்டுவதும் அதே கணக்கில் வரும். கீழே விழுந்தால் சாவார் என்று தெரிந்தே இழுத்தால் பேச்சு 132-ஓடு நிற்காது; கொலை முயற்சிக்கான 109-ஆம் பிரிவு வரை போகும்.

எஸ்டேட் பங்களாக்களில் ரீடிங் எடுக்க வருகிறவர் மேல் நாயை ஏவிவிடுவது இன்னொன்று. நாயை ஒருவர் மீது பாயச் சொல்வதும் சட்டத்திலேயே உள்ள உதாரணம். நாய் கடித்தால் அது காயம், 121(1). ஏவாமல், கட்டிப்போடாமல் விட்டதால் கடித்தாலும் 291-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை உண்டு.

கெட்ட வார்த்தையில் திட்டியதற்கு 132 போட முடியுமா?

வெறும் சொல் தாக்குதல் ஆகாது. சட்டமே அப்படி விளக்கம் தருகிறது. கை ஓங்கியபடி, கல்லை எடுத்தபடி சொன்னால் மட்டுமே சொல்லுக்கு அந்த எடை வரும். பெங்களூரு போக்குவரத்துப் போலீஸின் முகநூல் பக்கத்தில் புகார் எழுதிய தம்பதி மீது பழைய 353-ஆம் பிரிவில் (இன்றைய 132) போட்ட வழக்கை 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆகவே பிரிவு அலுவலகத்தில் குரலை உயர்த்திக் கேள்வி கேட்டதற்கே 132 போடுவது செல்லாது. ஊழியர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். ஊதிப் போட்ட வழக்கு நீதிமன்றத்தில் உடையும்போது, அடுத்து வரும் நிஜமான வழக்கையும் பலவீனமாக்கும்.

பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டினால் 296 (3 மாதம் வரை). மிரட்டினால் 351(2) (2 ஆண்டு வரை). "கம்பத்துலயே வெச்சுக் கொன்னுடுவேன்" என்ற மாதிரி உயிர் மிரட்டல் என்றால் 351(3), 7 ஆண்டு வரை. எனவே புகாரில் "தகாத வார்த்தைகளால் திட்டினார்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், சொன்ன வார்த்தையை அப்படியே எழுத வேண்டும். எந்தப் பிரிவு என்பதே அந்த வார்த்தையில்தான் இருக்கிறது.

கொடுங்காயம் என்று எதைச் சொல்கிறார்கள்?

116-ஆம் பிரிவு எட்டு வகை சொல்கிறது. நடைமுறையில் அதிகம் வருவது எலும்பு முறிவு, மூட்டு விலகல், பல் உடைவது. ஒரு பல் உடைந்தாலும் கொடுங்காயம்தான்; குறைந்தபட்சம் 1 ஆண்டுச் சிறை என்ற 121(2) வந்துவிடும். கண், காது பாதிப்பு, முகத்தில் நிரந்தர வடு, உயிருக்கு ஆபத்தான காயம், 15 நாள் கடும் வலியோ அன்றாட வேலை செய்ய முடியாத நிலையோ ஏற்படுத்தும் காயம் ஆகியவையும் சேரும். பழைய சட்டத்தில் அது 20 நாள்.

இதனால்தான் எக்ஸ்ரே முக்கியம். விரல் வீங்கியிருக்கிறது என்று களிம்பு தடவிக்கொண்டு வீட்டுக்குப் போய், பத்து நாள் கழித்து முறிவு தெரிந்தால், அந்த முறிவு அன்றைய அடியால்தான் வந்தது என்று நிரூபிப்பது பெரும்பாடு.

யார் யாரெல்லாம் இந்தப் பாதுகாப்புக்குள் வருகிறார்கள்?

சட்டம் "மின் ஊழியர்" என்று எங்கும் சொல்லவில்லை. "அரசு ஊழியர்" என்றுதான் சொல்கிறது. அதற்கான விளக்கம் 2(28)-இல் இருக்கிறது. அரசு நிறுவனத்திலோ, சட்டத்தால் அமைந்த கழகத்திலோ, உள்ளாட்சி அமைப்பிலோ சம்பளம் வாங்குகிறவர் அதற்குள் வருவார். தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் கேங்மேன், வயர்மேன், லைன் இன்ஸ்பெக்டர், போர்மேன், கணக்கீட்டாளர், பொறியாளர் எல்லோரும் உள்ளே. குடிநீர் வடிகால் வாரியத்தார், சேலம் மாநகராட்சியின் குடிநீர்ப் பணியாளர், ஊராட்சிச் சம்பளத்தில் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற ஆபரேட்டர் எல்லோரும் உள்ளே.

கேபிள் டிவிக்காரர், தனியார் இணைய நிறுவன ஊழியர், சிலிண்டர் போடுகிறவர் வெளியே. அவர்களைத் தாக்கினால் 115, 117, 118 போன்ற பொதுப் பிரிவுகள் மட்டும்.

ஒப்பந்தத் தொழிலாளி? அவரும் அதே கம்பத்தில்தானே ஏறுகிறார்?

இங்கேதான் சட்டத்தில் ஓட்டை. ஒப்பந்தக்காரரிடம் கூலி வாங்குகிறவர் அரசுச் சம்பளம் வாங்குகிறவர் இல்லை என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் கேள்வியிலேயே பிடித்துக்கொள்வார். கம்பம் ஒன்று, கம்பி ஒன்று, விழுந்த அடி ஒன்று. தண்டனை மட்டும் வேறு. இது நியாயமில்லை என்பதே எங்கள் உறுதியான கருத்து.

வேறு வழியே இல்லாமல் போகவில்லை. தமிழ்நாட்டிலேயே மருத்துவத் துறையினருக்கென 2008-இல் தனிச் சட்டம் வந்தது. அதில் தாக்குதலுக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு. தனியார் மருத்துவமனை செவிலியரும் அதற்குள் வருவார், ஏனென்றால் அது செய்கிற வேலையைப் பார்க்கிறது. அமெரிக்காவில் இலினாய், நியூஜெர்சி போன்ற மாநிலங்களின் குற்றவியல் சட்டங்களில் மின்சாரம், எரிவாயு போன்ற சேவைப் பணியாளர்கள் பெயர் குறிப்பிட்டே சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களைத் தாக்குவது கடுமையான வகைத் தாக்குதல். இங்கேயும் சம்பளச் சீட்டைப் பார்க்காமல் வேலையைப் பார்க்கிற ஒரு வரி சட்டத்தில் வர வேண்டும்.

அதுவரை நடைமுறையில் ஒன்று செய்யலாம். ஒப்பந்தத் தொழிலாளி தனியாக இருந்தபோது என்றில்லாமல், வாரிய ஊழியரோடு சேர்ந்து வேலை செய்தபோது தாக்கப்பட்டிருந்தால், அந்த வாரிய ஊழியரின் வேலையும் தடுக்கப்பட்டது என்பதைப் புகாரில் தெளிவாக எழுத வேண்டும். அவரையும் தள்ளியோ கை ஓங்கியோ இருந்தால் அதன் அடிப்படையில் 132 நிற்கும்.

டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகும்போது வழிமறித்து அடித்தால்?

அதுவும் 121-தான். "பணியில் செய்த காரியத்துக்காக" காயப்படுத்தினாலும் அந்தப் பிரிவு பொருந்தும். காலையில் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி இணைப்பைத் துண்டித்தார் என்று சாயங்காலம் டீக்கடையில் வைத்து அடிப்பது இதற்கு நேரான உதாரணம். ஆனால் காலையில் நடந்ததற்கும் மாலையில் விழுந்த அடிக்கும் தொடர்பைக் காட்ட வேண்டும். துண்டிப்புப் பட்டியலில் அந்த இணைப்பு எண்ணும் தேதியும் இருந்தால் போதுமான தொடக்கம்.

அடி வாங்கியவர் முதலில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் லைனைப் பாருங்கள். பாதியில் விட்ட வேலை, தொங்குகிற கம்பி, திறந்து கிடக்கும் பெட்டி அடுத்த உயிரை எடுக்கும். லைன் கிளியர் (வேலைக்காக லைனை நிறுத்தி வைக்கும் அனுமதி) வாங்கியிருந்தால் துணை மின் நிலையத்துக்குச் சொல்லி, வேறொருவர் பொறுப்பேற்கும்வரை லைனைச் சார்ஜ் செய்யாமல் நிறுத்தி வையுங்கள். பிறகு 100-க்கோ 112-க்கோ அழையுங்கள். அந்த அழைப்பின் நேரமே பின்னால் ஒரு சான்று.

அடுத்தது அரசு மருத்துவமனை, அதே நாளில். மலையில் என்றால் ஏற்காடு அரசு மருத்துவமனை. காயம் பெரிதானால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை. அங்கே பணி மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதுகிற நாலு வரிதான் வழக்கின் முதுகெலும்பு. ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். எத்தனை பேர், தெரிந்தவரா தெரியாதவரா, கையாலா கட்டையாலா, எந்த இடம், எத்தனை மணி என்று மருத்துவர் கேட்பார். இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். அவமானப்பட்டோ, மேலதிகாரி கோபித்துக்கொள்வார் என்று பயந்தோ "கம்பத்துல இருந்து வழுக்கிட்டேன் சார்" என்று சொல்லிவிடுகிறார்கள். மறுநாள் மனம் மாறிப் புகார் கொடுத்தாலும், முதல் தாளில் வழுக்கியதாக இருப்பதை எதிர்த்தரப்பு விடவே விடாது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். நான்கு பேர் அடித்திருந்தால் நான்கு. ஒருவர் என்றால் ஒருவர்.

கிழிந்த சட்டையைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். உடைந்த ஹெல்மெட், கையுறை எதையும் ஸ்டோரில் ஒப்படைத்துவிடாமல் போலீஸ் கைப்பற்றும்வரை வைத்திருங்கள்.

புகாரில் என்னென்ன இருக்க வேண்டும்?

பெயர், பதவி, பணியாளர் எண். அன்று அந்த இடத்துக்கு யார் அனுப்பினார்கள், எந்தப் புகார் எண்ணுக்கு அல்லது எந்த இணைப்பு எண்ணுக்கு. அடையாள அட்டை அணிந்திருந்தது. எதிராளி சொன்ன வார்த்தை, அடித்த விதம், பட்ட இடம். பார்த்த சாட்சிகள். தடைபட்ட வேலை என்ன, எத்தனை மணி நேரம் தடைபட்டது. இதோடு உதவி மின் பொறியாளரின் கையெழுத்தில் பணி ஆணையோ, பணிப் பதிவேட்டுப் பக்கத்தின் நகலோ, துண்டிப்புப் பட்டியலோ இணைக்க வேண்டும். "பணியில் இருந்தார்" என்பதை வாயால் சொன்னால் போதாது, தாளில் இருக்க வேண்டும்.

சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்களே?

அது புகார் வந்ததற்கான ரசீது மட்டுமே, எஃப்.ஐ.ஆர். ஆகாது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) 173-ஆம் பிரிவின்படி எஃப்.ஐ.ஆர். போட்டு அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். சம்பவம் மலையில் நடந்து நீங்கள் சேலத்தில் சிகிச்சையில் இருந்தால், எல்லை எங்களுடையது இல்லை என்று நகரக் காவல் நிலையம் மறுக்க முடியாது. எந்த நிலையத்திலும் பதிவு செய்யலாம். மின்னணு வழியிலும் புகார் அனுப்பலாம், 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும்.

ஒரு நுணுக்கம். 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளர் அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தச் சட்டம் இடம் தருகிறது. 121(1) அதற்குள் விழும். 132 விழாது, 121(2)-உம் விழாது. ஆகவே "விசாரிச்சுட்டுச் சொல்றோம்" என்றால், எந்தப் பிரிவுக்கு, யார் அனுமதி, எந்தத் தேதியில் 14 நாள் முடிகிறது என்று கேளுங்கள். மறுத்தால் மாவட்டப் பகுதிக்குக் கண்காணிப்பாளருக்கும் மாநகருக்கு ஆணையருக்கும் எழுத்தில் அனுப்பலாம். அதற்கும் மேல் நீதித்துறை நடுவர். பதிவானபின் 90 நாளுக்குள் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது போலீஸின் கடமை.

221-ஆம் பிரிவு ஏன் அடிக்கடி கழன்றுவிடுகிறது?

221 என்பது அரசு ஊழியரின் பணியைத் தடுத்தல். 3 மாதம் வரை சிறை, 2,500 ரூபாய் வரை அபராதம். அடிக்காமல் வழியை மறித்து நின்றால் இதுதான் பொருத்தம். ஆனால் சம்பந்தப்பட்ட ஊழியரோ அவருடைய மேலதிகாரியோ நீதிமன்றத்துக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தால் மட்டுமே நீதிமன்றம் இதை விசாரணைக்கு எடுக்கும் (பி.என்.எஸ்.எஸ். 215). போலீஸ் குற்றப்பத்திரிகையில் 221-ஐச் சேர்த்தால் மட்டும் போதாது. உதவி மின் பொறியாளர் ஒரு தாள் எழுதாமல் விட்டதால் விழுந்த 221-கள் ஏராளம்.

செல்போனில் எடுத்த வீடியோ செல்லுமா?

செல்லும். சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63(4)-இன்படி சான்றிதழ் இணைக்க வேண்டும்; அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்) வரும். எடுத்த போனை மாற்றாதீர்கள், அந்தக் கோப்பை வெட்டி ஒட்டாதீர்கள். வாட்ஸ்ஆப்பில் வந்த நகல் சுருங்கியது, அதன் ஹாஷ் மூலக் கோப்போடு ஒத்துப்போகாது. ஜவ்வரிசி ஆலை, வெள்ளிப் பட்டறை, எஸ்டேட் வாயில் எங்கே கேமரா இருந்தாலும் அன்றே போலீஸிடம் சொல்லுங்கள். பல ரெக்கார்டர்கள் சில நாட்களில் பழையதன் மேலேயே எழுதிக்கொள்ளும்.

"பேசி முடிச்சுக்கலாம், அண்ணா" என்று ஊர்ப் பெரியவர்கள் வந்தால்?

பேசலாம், மன்னிக்கலாம். ஆனால் வழக்கு அதோடு முடியாது. 132, 121 இரண்டும் சமரசத்துக்குரிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. காவல் நிலையத்தில் எழுதி வாங்கும் சமாதானத் தாளால் எஃப்.ஐ.ஆர். மறையாது. அதை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அடித்தவர் வீட்டாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: மருத்துவச் செலவு கொடுத்ததால் பையன் தப்பிவிட்டான் என்று நினைத்து வாய்தாவுக்குப் போகாமல் இருந்தால் வாரண்ட் வரும்.

ஜாமீனில் விட முடியாத குற்றம் என்றால் உடனே கைதா?

இல்லை. ஜாமீன் தருவதா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும் என்பதே அதன் பொருள். 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது அவசியமில்லை என்று போலீஸ் கருதினால் பி.என்.எஸ்.எஸ். 35(3)-இன்படி அறிவிப்பு கொடுத்து வரவழைக்கும். "அடிச்சவன் வெளியில சுத்துறான்" என்ற மனக்குறை இங்கேயிருந்துதான் வருகிறது. அவர் வெளியே இருப்பதால் வழக்கு செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. வெளியே இருந்துகொண்டு மிரட்டினால் அதைத் தனிப் புகாராக உடனே கொடுங்கள். ஜாமீன் நிபந்தனையை மீறியதாகவும் காட்டலாம்.

குடிபோதையில் செய்துவிட்டேன்.

தானாகக் குடித்த போதை தப்பிக்கும் வழி ஆகாது.

வாரியம் செய்தது தவறு என்றால்? பணம் கட்டியும் பிடுங்கிவிட்டார்களே!

இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் நல்லெண்ணத்தோடு தன் பதவியின் பேரில் ஓர் அரசு ஊழியர் செய்வது கண்டிப்பான சட்டப்படி சரியில்லாவிட்டாலும், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அச்சம் இல்லாதவரை, அதைத் தடுக்கத் தற்காப்பு என்று சொல்லி அடிக்க முடியாது (37-ஆம் பிரிவு). அடித்த நொடியில் வாரியத்தின் தவறு பின்னுக்குப் போய், உங்கள் தவறு முன்னுக்கு வந்துவிடும்.

கையில் இருக்கும் வழிகளைப் பாருங்கள். மின்சாரச் சட்டம், 2003-இன் 56-ஆம் பிரிவின்படி பாக்கிக்காகத் துண்டிக்க முழுதாக 15 நாள் எழுத்து அறிவிப்பு வேண்டும். தொகையில் தகராறு என்றால், கேட்ட தொகை அல்லது முந்தைய 6 மாதச் சராசரிக் கட்டணம், இதில் எது குறைவோ அதை "ஆட்சேபத்துடன்" என்று எழுதிக் கட்டினால் தகராறு தீரும்வரை துண்டிக்கக் கூடாது. பிறகு மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கும் மேல் மின் குறைதீர்ப்பாளர். பிடுங்கிய இணைப்பை நீங்களே கொக்கி போட்டுக் கொடுத்துக்கொள்வது 138-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறைக்குரிய தனிக் குற்றம்.

வீட்டுக்குள் வர அவர்களுக்கு உரிமை இருக்கிறதா?

நியாயமான நேரத்தில், சொல்லிவிட்டு, மீட்டரையும் கம்பியையும் பார்க்க வரலாம். நீங்கள் விடாவிட்டால் எழுத்து அறிவிப்பு கொடுத்து 24 மணி நேரம் கழித்து மின்சாரத்தைத் துண்டிக்கலாம். இந்த வேலைக்காகக் கதவை உடைத்து வர முடியாது. மின் திருட்டுச் சோதனைக்குக் குடியிருப்பு வீட்டுக்குள் சூரியன் மறைந்தபின் வருவதானால், அங்கே வசிக்கும் வயதுவந்த ஆண் ஒருவர் இருக்க வேண்டும். அப்படி யாரும் இல்லை என்றால் அதைச் சொல்லி, காலையில் வரச் சொல்லலாம். அது பணியைத் தடுப்பது ஆகாது.

அடையாள அட்டை கேட்டால் கோபிக்கிறார்களே?

கேட்பது உங்கள் உரிமை. காட்டுவது ஊழியருக்கே பாதுகாப்பு. எதிரில் நிற்பவர் அரசு ஊழியர் என்று தெரியாது, தெரிந்துகொள்ளக் காரணமும் இல்லை என்று எதிராளி நிரூபித்தால் வழக்கு தளர்ந்துபோகும். அட்டையைப் பையில் வைக்காமல் கழுத்தில் போடுங்கள். மழைக்கோட்டு போட்டால் கோட்டுக்கு வெளியே.

லஞ்சம் கேட்டதால்தான் தகராறு.

கையை ஓங்காமல் 1064-க்கு அழையுங்கள், அது ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறை. கட்டாயத்தால் கொடுத்துவிட்டிருந்தால் 7 நாளுக்குள் புகார் சொன்னால், கொடுத்தவர் மேல் குற்றம் வராது.

ஆள் லைனில் இருக்கும்போது சுவிட்சைப் போட்டுவிட்டால்? ஜெனரேட்டரால் ஷாக் அடித்தால்?

எல்லாத் தாக்குதலிலும் கொடியது இதுதான். கை ஓங்க வேண்டாம், முகம் பார்க்க வேண்டாம். நாலு தெரு தள்ளி டிரான்ஸ்பார்மரில் ஒருவர் பொறுமையிழந்து ஃபியூஸைச் செருகினால் கம்பத்தில் இருப்பவர் கதை முடியும். ஆள் வேலை செய்கிறார் என்று தெரிந்தே செய்தால் கொலைக்கு நிகரான குற்றம் வரை போகும். அலட்சியத்தால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1), 5 ஆண்டு வரை. உயிர் பிழைத்துக் கொடுங்காயம் என்றால் 125, 3 ஆண்டு வரை.

ஜெனரேட்டர் விஷயம் பலருக்குப் புரிவதில்லை. டிரான்ஸ்பார்மர் இரண்டு பக்கமும் வேலை செய்யும். 11,000 வோல்ட்டை 230 ஆகக் குறைப்பது போலவே, கீழேயிருந்து 230 வந்தால் மேலே 11,000 ஆக்கும். தறிக்கூடத்தில் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (வாரிய லைனையும் ஜெனரேட்டரையும் ஒன்று சேரவிடாத சுவிட்ச்) வைக்காமல், ஜெனரேட்டர் வயரை நேராக பிளக்கில் செருகி, மெயினை அணைக்க மறந்தால், அந்த மின்சாரம் சர்வீஸ் வயர் வழியாகத் தெருக் கம்பிக்கு ஏறிவிடும். அந்த லைன் செத்துவிட்டது என்று நம்பித்தான் வயர்மேன் கை வைக்கிறார்.

இதனால்தான் சுவிட்சைத் திறந்ததோடு விடாமல், பூட்டி, பலகை தொங்கவிட்டு, மின்சாரம் இருக்கிறதா என்று டிடெக்டரால் சோதித்து, வேலை இடத்துக்கு இரண்டு பக்கமும் மூன்று கம்பியிலும், கம்பியை மண்ணோடு இணைக்கும் எர்த் ராடு மாட்ட வேண்டும். "சீக்கிரம், சீக்கிரம்" என்று கீழே நாற்பது பேர் கத்தும்போது முதலில் விடுபடுவது இந்த எர்த் ராடுதான். கூட்டத்தின் அவசரம் ஆளைக் கொல்வது இப்படித்தான்.

மலையில் கரண்ட் வர ஏன் இவ்வளவு நேரம்?

அடிதடிகளில் பாதி இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. பீடர் (பல ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைன்) டிரிப் ஆனால், அதாவது பழுதால் தானாக அணைந்தால், துணை மின் நிலையத்தில் தெரிவது டிரிப் ஆனது மட்டும். எந்த மரத்தடியில் என்று தெரியாது. காபித் தோட்டங்களுக்குள் கம்பி போகிற வழியில் சாலை இருக்காது. டார்ச்சோடு, மழையில், அட்டை கடிக்க, கம்பம் கம்பமாக நடந்துதான் பார்க்க வேண்டும். கம்பத்தில் இருக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து பீடரைத் துண்டு துண்டாகப் பிரித்து, நல்ல பகுதிக்கு முதலில் கொடுப்பார்கள். அதனால்தான் ஏற்காடு டவுனில் விளக்கு எரியும்போது நாகலூர்ப் பக்கம் இருட்டாக இருக்கலாம். ஆள் பார்த்துக் கொடுக்கிறார்கள் என்ற சந்தேகம் அங்கே முளைக்கிறது. கிளையை வெட்டுமுன் லைன் கிளியர் வாங்கச் செல்போன் சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேட வேண்டியும் இருக்கும்.

மின்னகம் எண் 94987 94987-இல் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். மரம் விழுந்த இடம், பக்கத்துக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். அந்த ஒரு எண் லைன்மேனுக்கு மணிக்கணக்கான நடையை மிச்சப்படுத்தும்.

கூட்டமாகப் போய் அலுவலகத்தை உடைத்தால்?

ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் ஒருவர் அடித்த அடிக்கு எல்லோரும் பொறுப்பு (190). மின், குடிநீர் வழங்கலுக்குப் பயன்படும் கட்டடம், கருவிகளைச் சேதப்படுத்தினால் 1984-ஆம் ஆண்டுப் பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டத்தில் குறைந்தது 6 மாதம், 5 ஆண்டு வரை கடுங்காவல். கையில் கல் எடுக்காமல் கூடவே நின்றவர்களும் வருடக்கணக்கில் அஸ்தம்பட்டி நீதிமன்றத்துக்கு நடக்க நேரும்.

பெண் கணக்கீட்டாளரிடம் அத்துமீறினால்?

மேற்சொன்னவற்றோடு 74-ஆம் பிரிவும் சேரும். அதில் குறைந்தபட்சச் சிறை உண்டு. புகாரைப் பெண் காவல் அதிகாரிதான் பதிய வேண்டும்.

தண்டனையை இன்னும் கூட்டினால் தாக்குதல் குறையுமா?

உச்சவரம்பை 5-இலிருந்து 7 ஆக்குவதால் மட்டும் பெரிய மாற்றம் வராது. உச்சத் தண்டனை அபூர்வமாகவே கிடைக்கும். முதல் குற்றம் என்றால் 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் கீழ்ப் பிணையில் விடவும் நீதிமன்றத்தால் முடியும். எங்களைக் கேட்டால் இரண்டு திருத்தம் வேண்டும். காயத்துக்கான 121(1)-இலும் ஒரு கீழ்வரம்பு வர வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியும் அதற்குள் வர வேண்டும்.

சிகிச்சைச் செலவு, நஷ்டஈடு?

பணியின் காரணமாக, பணி நேரத்தில் வந்த காயம் என்பதால் அடியும் பணிவிபத்துக் கணக்கில் வரும். ஒப்பந்தக்காரர் கைவிரித்தாலும் வேலை கொடுத்த முதன்மை நிறுவனத்திடம் கேட்கலாம். தீர்ப்புவரை காத்திராமல், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுக்கும் மனு போடலாம்.

பிரிவு அலுவலகம் முன்கூட்டியே என்ன செய்து வைக்கலாம்?

துண்டிப்புக்கும் இரவுப் பழுதுக்கும் ஒற்றை ஆளை அனுப்பாதீர்கள். முன்பு தகராறு நடந்த இணைப்பு எண்களைத் தனித் தாளில் குறித்து வைத்து, அங்கே போகும்போது போலீஸ் துணை கேட்டு முன்னதாகவே கடிதம் கொடுங்கள். துண்டிப்புப் பட்டியலைக் கிளம்பும் அன்று காலையில் மறுபடி கணினியில் பாருங்கள். முந்தின இரவு இணையத்தில் பணம் கட்டியவர் வீட்டில் போய் ஃபியூஸைப் பிடுங்குவதால் வருகிற சண்டைகளை இது ஒன்றே நிறுத்தும். பணிப் பதிவேட்டில் நேரமும் இடமும் உடனுக்குடன் ஏற வேண்டும், மாலையில் மொத்தமாக எழுதக் கூடாது. அன்று கூடப் போகும் ஒப்பந்தத் தொழிலாளியின் பெயரையும் அதே வரியில், வயர்மேன் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். வழக்கு என்று வந்தால், அவர் அங்கே யாருடைய வேலையைச் செய்துகொண்டிருந்தார் என்பதைக் காட்டத் தாள் அது ஒன்றுதான்.